அந்தோனியார் கையில் மோட்டார் சைக்கிள் லைற்: கழற்றுவதா, விடுவதா?

கண்ணாடிக்காரர் மகள்

வணக்கம். நான் அக்கராயன் பக்கம். இந்தக் குழுவில் வழக்கமாகக் கோழியும் தென்னை வண்டும்தான் கதைப்பீர்கள். கண்ணாடி வேலை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோயில் யன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வேலை. பூட்டன் மன்னார்ப் பக்கம் பிரெஞ்சுச் சுவாமிமாரிடம் எடுபிடியாக நின்று கண்ணாடி வெட்டப் பழகியவர். அப்பப்பா அதைத் தொழிலாக்கினார். அப்பா காலத்தில் புதிதாகச் செய்யச் சொல்லி ஒருவரும் வரவில்லை, உடைந்ததுதான் வந்தது. அதனால் அப்பா திருத்துகிறவர் ஆனார். ஊரில் எங்களுக்குக் கண்ணாடிக்காரர் வீடு என்று பெயர். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. நான் தையல்காரி. சின்ன வயதில் அப்பாவுக்குக் கண்ணாடி அடைக்கிற புட்டி குழைத்துக் கொடுத்ததோடு சரி.

தொண்ணூறுகளில் தடையால் பெற்றரியும் சீமெந்தும் தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வராத நாட்களில் ஈயத்துக்கு எங்கே போவது? அப்பப்பா முல்லைத்தீவுக் கரைக்குச் சைக்கிளில் போவார். கிழிந்த வலைகளில் இருக்கும் ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அதைப் பழைய தாச்சியில் உருக்கி, முதிரைப் பலகையில் வெட்டிய அச்சில் ஊற்றுவார். இரண்டு பக்கமும் பள்ளம் விட்ட பட்டியாக வரும். அந்தப் பள்ளத்துக்குள்தான் கண்ணாடித் துண்டின் விளிம்பு உட்காரும். பழைய பெற்றரி ஈயத்தை மட்டும் தொடமாட்டார். அது விறைப்பு, சொன்ன பேச்சுக் கேட்காது என்பார். மூட்டில் மாட்டுக் கொழுப்பைத் தேய்த்து, கரியில் காய்ச்சிய செப்பு முனையால் பற்றவைப்பார். வாயில் வெற்றிலை இருந்தபடி இருக்கும். இப்போது அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலின் பெரிய யன்னல் அப்பப்பா செய்தது. அந்தோனியார். ஒரு கையில் லில்லிப் பூ, மற்றக் கையில் சிவப்பு மட்டை போட்ட புத்தகம், புத்தகத்தின் மேல் குழந்தை இயேசு. ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரமான ஆறு துண்டுகளாகச் சேர்த்தது. 2008 செப்டெம்பரில் செல் சத்தம் கிட்ட வந்ததும் அப்பா ஏணி வைத்து நான்கைக் கழற்றினார். அம்மா மறித்தார். அந்த ஏப்ரலில்தான் மடு மாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "மாதாவே இடம்பெயர்ந்திட்டா, அந்தோனியார் இருந்து என்ன செய்யிறது" என்றார் அப்பா. மேல் இரண்டு துண்டும் ஏணிக்கு எட்டவில்லை. முகம் அந்த மேல் துண்டில்தான் இருந்தது.

நான்கையும் சாரத்தில் சுற்றி, வைக்கோலும் உமியும் அடைந்து, பழைய அலுமாரிப் பெட்டிக்குள் நிறுத்தி, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டோம். பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அதற்கும் அப்பால். அதை இங்கே எழுதவில்லை, உங்களில் பாதிப்பேர் அதே றோட்டில்தான் வந்திருப்பீர்கள். மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கோயிலின் அந்தச் சுவரே இல்லை. கிடங்கு இருந்தது. இரண்டு மாரி மழை குடித்து வைக்கோல் எருவாகிப் போயிருந்தது, கண்ணாடி இருந்தது.

அப்பா ஒரு துண்டைத்தான் திருத்தினார். புத்தகமும் குழந்தையும் உள்ள துண்டு. சிவப்பு மட்டை உடைந்து போயிருந்தது. முழு வன்னியிலும் ஒரு சாண் சிவப்புக் கண்ணாடி கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பின் லைற் மூடி ஒன்றை அரத்தால் அராவி அதில் வைத்துவிட்டார்! கிட்டப் போய்ப் பார்த்தால் புத்தக மட்டையில் 12 வோல்ட் என்று கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மறுபக்கமாக எழுதியிருக்கும். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

அப்பா போய் இரண்டு வருடம். யூன் 13 திருவிழாவுக்கு முன்னம் நான்கு துண்டையும் ஏற்ற வேண்டும் என்கிறார் பங்குத்தந்தை. என்னைத்தான் பார்க்கிறார்கள். கேள்விகள் இவை. கொட்டிலில் இருக்கும் மூன்று துண்டிலும் ஈயத்தில் வெள்ளையாக மா மாதிரிப் பூத்திருக்கிறது. அம்மா ஒன்றைக் கிணற்றடியில் வைத்துத் தும்பும் சவுக்காரமும் போட்டு உரஞ்சத் தொடங்கிவிட்டார், சரியா? அப்பா திருத்தித் திரும்பக் கட்டிய சுவரில் ஏற்றிய துண்டு நடுவில் ஒரு பெருவிரல் அளவு வயிறு தள்ளி நிற்கிறது, லைற் பக்கத்தால் மழைத் தண்ணீரும் வருகிறது. அந்த லைற்றைக் கழற்றச் சொல்கிறது கோயில் சபை. எனக்கு மனம் வரவில்லை. முகத்துக்கு என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

வவுனியா அலுமினியம்

தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம், நேரே சொல்கிறேன். இருபது வருடமாக யன்னல் அடிக்கிறேன். இப்போது அந்தோனியார் படத்தைக் கொடுத்தால் ஸ்ரிக்கரில் அடித்துத் தருவார்கள். ஐந்து மில்லிமீற்றர் கண்ணாடியில் ஒட்டி அலுமினியத்தில் போட்டால் ஒரு நாள் வேலை, முகமும் வரும், மழையும் வராது. பழசை ஒரு மூலையில் வைத்துக் கும்பிடலாம்.

வயிறு தள்ளுவதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. கண்ணாடி உண்மையில் திரவம்தான், வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே வழியும்.

பழைய இரசாயன வாத்தியார்

பிள்ளை, முதலில் அம்மாவை நிறுத்துங்கள். இன்றைக்கே.

அந்த வெள்ளை மா ஈயக் காபனேற்று. வைக்கோலும் மரப் பெட்டியும் ஈரத்தில் உக்கும்போது அசற்றிக் அமில ஆவி வரும். அது ஈயத்தை அரிக்கும். உக்கும் குப்பையிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு அதை வெள்ளைத் தூளாக்கும். ஒல்லாந்தர் இதையே காசுக்குச் செய்தார்கள். மண் சட்டியில் வினாகிரி, அதற்கு மேல் ஈயச் சுருள், சட்டியைச் சுற்றிக் குதிரைச் சாணம். சில மாதம் மூடிவைத்துத் திறந்தால் வெள்ளைப் பெயின்றுக்கான தூள் தயார். உங்கள் அப்பா தெரியாமல் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் ஒல்லாந்தர் தொழிற்சாலை நடத்தியிருக்கிறார். கண்ணாடியைக் காப்பாற்றிய மனிதரைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் வேறு எதில் அடைவது?

ஆனால் அந்தத் தூள் நஞ்சு. காய்ந்தபடி துடைக்கவோ தட்டவோ கூடாது, மூச்சோடு உள்ளே போகும். முகக் கவசமும் கையுறையும் போட்டு, பஞ்சைச் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சைப் பையில் கட்டி வையுங்கள், எரிக்க வேண்டாம். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. வேலைச் சட்டையை மற்ற உடுப்போடு துவைக்கக் கூடாது. பிள்ளைகள் அந்தக் கொட்டில் பக்கம் வரக் கூடாது, ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் மூளையைத்தான் கூடுதலாகக் கெடுக்கும். உரஞ்சிய அம்மாவும் வீட்டுப் பிள்ளைகளும் இரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

தும்பு இன்னொரு விதத்திலும் ஆகாது. மடிப்புக் கோடுகள், விரல், பூவின் நரம்பு எல்லாம் உங்கள் அப்பப்பா கண்ணாடியின் மேல் வரைந்தவைதானே? துருவையும் கண்ணாடித் தூளையும் குழைத்து வரைந்து, சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் அது கண்ணாடியோடு உருகி ஒட்டும். விறகுச் சூளையில் சூடு ஓர் இடம் கூடும், ஓர் இடம் குறையும். குறையச் சுட்ட இடம் சவுக்காரத்தோடு வந்துவிடும். ஒரு மூலையில் நனைத்த பஞ்சுக் குச்சியை வைத்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அலுமினியத் தம்பிக்கு: கண்ணாடி வழியாது. அது வெறும் கதை. பழைய கண்ணாடியில் ஒரு பக்கம் தடிப்பாக இருப்பது, அந்தக் காலத்தில் ஊதிச் சுழற்றித் தட்டையாக்கிய விதத்தால். வயிறு தள்ளுவது ஈயத்தின் வேலை. எங்கள் வெயிலில் ஈயம் இளகும், கண்ணாடியின் பாரம் கீழே அமுக்கும், நெளியாமல் வேறு என்ன செய்யும்?

கண்ணாடிக்காரர் மகள்

அம்மாவை நிறுத்திவிட்டேன். "முப்பது வருடம் உன் அப்பாவின் சட்டையைத் தோய்த்தவள் நான்" என்று ஒரு பேச்சு விழுந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

வரைந்தது அப்பப்பாதான் சேர். கொல்லன் பட்டறைத் துருவை அரைத்து, வேப்பம் பிசின் விட்டுக் குழைத்து, செங்கல் சூளைக்குள் வைத்துச் சுடுவார். சூட்டைக் கண்ணால்தான் பார்ப்பார், மங்கல் சிவப்பாகத் தெரிந்ததும் கரியை இழுத்துவிடுவார் என்று அப்பா சொல்வார். பஞ்சுக் குச்சி வைத்துப் பார்த்தேன். லில்லிப் பூவில் வரவில்லை. கால்விரல்களில் வருகிறது.

அலுமினியம் அண்ணை, ஸ்ரிக்கர் வேண்டாம். கோபம் இல்லை.

ரான்ஸ் வாசி

நான் முழங்காவில் ஊரவன். 26 வருடமாகப் பிரான்ஸில், ரீம்ஸ் என்று எழுதி ரான்ஸ் என்று சொல்கிற ஊரில் இருக்கிறேன். பேக்கரி வேலை. விடிய மூன்று மணிக்கு வேலைக்குப் போகும்போது இந்த ஊர்ப் பேராலயத்தைத் தாண்டித்தான் போவேன். உங்கள் கதையை வாசித்த பிறகு இரண்டு நாளாக அந்த யன்னல்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போகிறேன்.

1914 செப்டெம்பர் 19 அன்று ஜெர்மன்காரரின் செல் விழுந்து இந்தக் கோயில் எரிந்தது. கூரையில் இருந்த ஈயம் உருகி, மழைத் தண்ணீர் போகக் கல்லில் செதுக்கிய பூதங்களின் வாயால் ஒழுகியது. வாயில் ஈயம் உறைந்தபடி அந்தப் பூதங்களை இன்றைக்கும் பக்கத்து மாளிகையில் வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். எனக்கு வேறு ஞாபகங்கள் வந்தன, அதை விடுவோம்.

இந்த ஊரிலும் ஒரு கண்ணாடிக்காரர் வீடு உண்டு. சிமோன் குடும்பம். 1640 முதல் இந்தத் தொழில் என்று சொல்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு பேராலய யன்னல்களைத் திருத்தியவர் ஜாக் சிமோன். அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? வீட்டில் முந்தியவர்கள் யன்னல்களைப் பார்த்து அச்சொட்டாக எடுத்து வைத்திருந்த வரைபடங்கள். அதனால் நீங்கள் ஒன்றையும் கழற்றுவதற்கு முன் நான்கு துண்டின் மேலும் மெல்லிய கடதாசி வைத்து, மெழுகுக் கட்டியால் உரஞ்சி, ஈயக் கோடுகளைப் படியெடுங்கள். படமும் பிடியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போடுங்கள்.

முகத்துக்கு வருகிறேன். இங்கே எல்லாவற்றையும் பழையபடி செய்யவில்லை. ஜாக் சிமோனின் மகள் பிரிஜித்தும் மருமகன் சார்ல் மார்க்கும் 1974இல் ஓவியர் ஷகாலோடு சேர்ந்து புதிதாக மூன்று யன்னல் வைத்தார்கள். ஒரே நீலம். 2011இல் இன்னும் சில வந்தன. அதை வரைந்தவர் இமி க்னோபெல், ஜெர்மன்காரர். செல் அடித்த நாட்டு ஆள்! அதில் புனிதரும் இல்லை, முகமும் இல்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கும். எனக்கு அது முழுக்கப் பிடிக்காது, உண்மையைச் சொல்லவேண்டும். ஆனால் போனதைப் போகாதது மாதிரிக் காட்டவில்லை, அது பிடிக்கும். உங்கள் அந்தோனியாருக்கு யாரோ ஒருவரின் முகத்தை ஸ்ரிக்கரில் ஒட்டுவதைவிட மேல் இரண்டையும் வெறும் கண்ணாடியாக விடலாம்.

சிவப்பு நான் அனுப்புகிறேன். இந்த நாட்டில் செயின்ட் ஜஸ்ட் என்ற ஊரில் இன்றைக்கும் வாயால் ஊதிக் கண்ணாடி செய்கிறார்கள். இரண்டு கையளவுத் துண்டு வாங்கலாம். விளிம்பைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், உடம்பு நிறமில்லாத வெள்ளை, மேலே ஒரு தோல்தான் சிவப்பு. செப்புச் சிவப்பு முழுத் தடிப்புக்கும் இருந்தால் வெளிச்சமே வராது, கறுப்பாகத் தெரியும். வெட்டும்போது வெள்ளைப் பக்கத்தில் கீறுங்கள். ஈஸ்டருக்கு மச்சினி ஊருக்கு வருகிறா, அவவிடம் கொடுத்து விடுகிறேன்.

லைற்றைக் கழற்றுவதா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் விடுங்கள். அதுவும் அந்த யன்னலின் கதைதான்.

வவுனியா அலுமினியம்

சரி, ஸ்ரிக்கர் கதையை நான் விட்டுவிடுகிறேன். கண்ணாடி வழியும் என்றதையும்.

ஆனால் இதைக் கேளுங்கள். அந்த வயிற்றுக்குக் காரணம் குறுக்குக் கம்பி இல்லாதது. இரண்டரை அடி உயரத்துக்கு நடுவில் இரண்டு கம்பியாவது வேண்டும், செப்புக் கம்பித் துண்டை ஈய மூட்டில் பற்றவைத்து அதில் முறுக்கிக் கட்ட வேண்டும். இரும்புக் கம்பி போடாதீர்கள். துருப் பிடித்தால் ஊதிச் சுவரை வெடிக்க வைக்கும், பக்கத்துக் கண்ணாடியும் போகும். துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பி என்னிடம் வெட்டு மிச்சம் நிறையக் கிடக்கிறது. காசு வேண்டாம்.

வெளிப்பக்கம் வெறும் கண்ணாடி ஒன்று நான் போட்டுத் தருகிறேன். மழையும் கச்சான் காற்றும் அதில் அடிக்கட்டும், உங்களுடையது உள்ளே நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவில் மேலேயும் கீழேயும் காற்றுப் போக இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். அளவு அனுப்புங்கள்.

கண்ணாடிக்காரர் மகள்

எல்லோருக்கும் பதில் சொல்லப் பிந்திவிட்டது. மன்னியுங்கள்.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஈயத்தின் அளவு கொஞ்சம் கூட, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா இப்போது கொட்டில் வாசலில் கதிரை போட்டிருந்து என்னை மேய்க்கிறார், உள்ளே வருவதில்லை.

வெள்ளை மாவை எடுக்க ஒரு துண்டுக்கு மூன்று நாள் போனது. கால்விரல்களை அப்படியே ஊத்தையோடு விட்டுவிட்டேன். வயிறு தள்ளிய துண்டை வயிறு மேலே பார்க்கத் தட்டையான பலகையில் வைத்து, பழைய புட்டியைச் சுரண்டி எடுத்து, வெயிலில் சூடேறியதும் சின்னச் சின்ன மணல் பைகளாக வைத்தேன். ஒரே நாளில் அமுக்கினால் கண்ணாடி வெடிக்கும் என்று அப்பா சொன்னது ஞாபகம். ஐந்து நாள் பங்குனி வெயில். முழுக்கத் தட்டையாகவில்லை, விரல் அளவு அரை விரலாகியது. அதோடு நிறுத்திவிட்டேன்.

ரான்ஸ் அண்ணையின் சிவப்பு வந்து சேர்ந்தது. குழந்தைப் பிள்ளையின் கம்பளிக் காலுறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். விளிம்பைப் பார்த்தேன், அவர் சொன்னபடிதான், வெள்ளை உடம்பில் சிவப்புத் தோல்.

அப்போதும் லைற்றை விடுவதென்றுதான் முடிவெடுத்திருந்தேன். சபைக்கு என்ன சொல்வதென்று வசனம்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன். மழைத் தண்ணீர் வருகிற இடத்தை மட்டும் அடைப்போம் என்று அந்த ஈயப் பட்டியின் உதட்டை மெல்லக் கிளப்பினேன். அப்பா அந்த இடத்தில் பற்றவைக்கவில்லை, சூட்டுக்கு பிளாஸ்ரிக் உருகும் என்று ஈயத்தை மடித்து மட்டும் விட்டிருக்கிறார், அதுதான் ஒழுக்கு. உதடு திறந்ததும் பக்கத்துக் கண்ணாடியின் விளிம்பில், ஈயத்துக்குள் மறைந்திருந்த இடத்தில், ஆணியால் கீறிய எழுத்துத் தெரிந்தது. அப்பாவின் எழுத்து, சாய்ந்த எழுத்து.

"2010 ஆவணி. சிவப்பு கிடைக்கேல்ல. கிடைச்சதும் மாத்தவும்."

நான் இரண்டு மாதமாக இதை வைத்து அழுதுகொண்டிருக்க, மனிதர் வேலையைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் எப்பவும் அப்படித்தான், ஆருக்காவது வேலை வைச்சிட்டுத்தான் போவார்" என்றார்.

மாற்றிவிட்டேன். முதல் துண்டு வெட்டும்போது பிழைத்தது, இரண்டாவது சரிவந்தது. அண்ணை இரண்டு அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அப்பா கீறியதற்குக் கீழே நானும் வருடத்தையும் "மாத்தியாச்சு" என்றும் கீறி ஈயத்தை மூடினேன்.

அலுமினியம் அண்ணை கம்பியும் வெளிக் கண்ணாடியும் கொண்டுவந்து தானே ஏறிப் பூட்டினார். மேல் இரண்டும் வெறும் கண்ணாடி. வெளியே நிற்கும் பாலை மரம் அதற்குள்ளால் தெரிகிறது. திருவிழா அன்று அந்தோனியாருக்குத் தலை எங்கே என்று ஓர் ஆச்சி சண்டைக்கு வந்தா, பங்குத்தந்தை சமாளித்தார். அடுத்த வருடம் சபை திரும்பவும் இதைக் கிளப்பும், அப்போது பார்ப்போம்.

லைற் மூடியை ஒரு பெட்டிக்குள் வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். காணவில்லை. தேடிப் பார்த்தால் மூத்தவன் தன் சைக்கிளின் பின் மட்காட்டில் கம்பியால் கட்டியிருக்கிறான். இரவில் பின்னால் வருகிற வாகனத்தின் வெளிச்சம் பட்டால் நன்றாகத் தெரிகிறதாம்.